தண்ணீர் கேட்காத தோட்டம்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)

திண்டுக்கல்லில் வீட்டுத் தோட்டம் என்று பேச்சை எடுத்தாலே, "தண்ணிக்கு எங்கே போறது?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான் துணி துவைக்கும் நாளே முடிவாகும். போன கோடையில் அம்மாவின் இரண்டு மல்லிகைத் தொட்டிகளும் காய்ந்து போயின. அந்தக் காலி இடத்துக்கு நான் செய்த தோட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்!

ஜப்பானியர் இதைக் 'கரேசான்சுயி' என்கிறார்கள். 'வறண்ட மலையும் நீரும்' என்று பொருள். கல்தான் மலை, மணல்தான் நீர், மணலில் இழுக்கும் கோடுதான் அலை. ஜென் மடங்களில் வளர்ந்த கலை இது. 'ஜென்' என்ற சொல்லே நம்முடைய 'தியானம்'தான். சீனாவுக்குப் போய் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆனது. கியோட்டோ நகரின் ரியோவான்ஜி கோயிலில் சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் இப்படி ஒரு தோட்டம் இருக்கிறது. மொத்தம் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும்! 1994-ல் இந்தக் கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

இனி செய்முறைக்கு வருவோம்.

தட்டு: 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பிளைவுட் பலகை. சுற்றிலும் 4 செ.மீ. உயரச் சட்டம். மணல் 2.5 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 3375 கன செ.மீ. வரும், எடை சுமார் 5 கிலோ.

மணல்: ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். அதன் துகள்கள் உருண்டு தேய்ந்தவை. கோடு சீக்கிரம் சரியும். கியோட்டோவில் போடுவதும் கிரானைட் பாறை சிதைந்து வந்த, முனை மழுங்காத மணல்தான். நமக்கு எம்-சாண்ட் இருக்கிறதே! 1.18 மி.மீ. சல்லடையில் இறங்கி, 600 மைக்ரானில் தங்குவதை எடுங்கள். தூசி போய்விடும், கழுவத் தேவையில்லை. சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

சீப்பு: ஒரு மரச்சட்டத்தில் 12 மி.மீ. இடைவெளியில் ஆணி அடித்தால் சீப்பு தயார். இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. உலர்ந்த மணல் தானாகச் சரியாமல் நிற்கும் கோணம் ஏறக்குறைய 34 டிகிரி. பல்லிடைவெளியில் பாதி 6 மி.மீ.; அதை டான் 34-ஆல், அதாவது 0.67-ஆல் பெருக்கினால் 4 மி.மீ. அலை அதற்குமேல் எழும்பாது. எவ்வளவு அழுத்தினாலும் சரி! உயரமான அலை வேண்டுமென்றால் ஆணிகளைத் தள்ளி அடிக்க வேண்டும்.

கல்: மூன்று அல்லது ஐந்து போதும். அடிப்பகுதியை 1 செ.மீ. மணலில் புதையுங்கள், அப்போதுதான் முளைத்து எழுந்த மலை மாதிரி இருக்கும். மாதிரிக்கு எங்கும் போக வேண்டாம், சமவெளி நடுவே தனியாக நிற்கும் நம்ம மலைக்கோட்டையைப் பாருங்கள். கல்லை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முதலில் கல்லைச் சுற்றி வட்டம், பிறகு மீதி இடத்தில் நேர்கோடு. ஆடிக் காற்று படாத மூலையில் வையுங்கள்.

"இது பூக்குமாடா?" என்று அம்மா கேட்டார். பூக்காதுதான். மல்லிகை போன குறையை இது தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வாசலில் கோலம் போட்டு முடித்த கையோடு, நேற்றைய கோட்டை அழித்துவிட்டு அம்மாவே புதுசாக இழுக்கிறார். தினமும் அழித்து தினமும் போடுவது நம் வீடுகளுக்குப் புதுசா என்ன?

தேர்வு நேரத்தில் மனசு ஓடினால் பத்து நிமிடம் இழுத்துப் பாருங்கள். கோடு நேராக வர வேண்டுமென்றால் கவனம் அதிலேயே இருந்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் நண்பர்களே, செய்து பாருங்களேன்!