ஒளி குறைகிறதா? கொலிமேட்டரைப் பிரிக்காதீர்கள்

ஆய்வுக்கூடத்தில் ஒளியிழைக் கொலிமேட்டர் (இழையிலிருந்து விரிந்து வரும் ஒளியை இணைக்கற்றையாக்கும் சிறு குழல்) வைத்திருக்கிறீர்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பவர் மீட்டர் இன்று பாதிதான் காட்டுகிறது. லென்ஸ் நகர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, குழலைச் சூடாக்கிப் பசையை இளக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். காரணம், கொலிமேட்டர் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

ஒற்றைமுறை இழையில் ஒளி செல்லும் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். இழையைக் கண்ணாடி ஃபெரூலுக்குள் (நுண்துளை உருளை) ஒட்டி, முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். எதிரொளி லேசருக்குத் திரும்பாமலிருக்கவே இந்தச் சாய்வு. அதன்மேல் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. எதிரே, பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிரின் லென்ஸ் (மையத்திலிருந்து விளிம்புக்கு ஒளிவிலகல் எண் குறைந்துகொண்டே போகும் கண்ணாடி உருளை). இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் எல்லாம். வேலைத் தூரத்தின் (எதிரெதிரே வைக்கும் இரண்டு கொலிமேட்டர்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம்) பாதியில் சமதள ஆடியை வைத்து, அதே இழைக்குள் திரும்பும் ஒளியை அளந்தபடியே ஃபெரூலை மைக்ரோமீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். உச்சம் கிடைத்ததும் எபாக்சி பசை. இறுகும்போது பசை கொஞ்சம் சுருங்கும் என்பதால், அதுவரை மீட்டரை விட்டுக் கண் அகலாது. பிறகு இரண்டு கொலிமேட்டர்களை எதிரெதிரே வைத்து இழப்பைச் சோதிப்பார்கள். மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை சூடாக்கிக் குளிர்விப்பதும் உண்டு. இத்தனையையும் மேசையில் உட்கார்ந்து திரும்பச் செய்ய முடியாது.

திடீரென்று குறைந்தால் இணைப்பானையோ இழையின் வளைவையோ சந்தேகியுங்கள். அறையின் வெப்பத்தோடு ஏறி இறங்கினால் பிடிமானத்தைப் பாருங்கள். 0.4 மில்லிமீட்டர் கற்றை பக்கவாட்டில் 20 மைக்ரோமீட்டர் விலகினால் இழப்பு சொற்பம்; 0.07 டிகிரி சாய்ந்தாலோ ஐந்தில் ஒரு பங்கு ஒளி போய்விடும். பிடிப்பானின் திருகை சற்று அதிகம் முடுக்கினாலே இது நேரலாம்.

முதலில் லேசரை அணையுங்கள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இழைமுனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. இணைப்பானின் முகப்பை இழை நுண்ணோக்கியில் பாருங்கள். தூசு இருந்தால் உலர் துடைப்பான்; போகாவிட்டால் தூய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பிறகு மறுபடி உலர்துடைப்பு. சட்டை நுனி, வாயால் ஊதுவது, நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம்; நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் பசையையே பாதிக்கும். பச்சை இணைப்பானை (சாய்வு முனை) நீலத்தோடு (நேர் முனை) சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முனைகள் ஒட்டாமல் நடுவில் காற்று இடைவெளி விழும். ஒளி குறைய அது ஒன்றே போதும். இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அளவு ஏறாவிட்டால் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். எந்த அலைநீளத்தில், எவ்வளவு தூரத்தில் அளந்தீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். 1550-க்குச் செய்ததை 1310-இல் அளந்துவிட்டுக் குறை சொல்வதும் நடக்கிறது.