யாழுக்கு இட்ட பலகை



நம்ம கிளைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, அப்புறம் "கலை நிகழ்ச்சி", கடைசியில் விருந்து. உரைகள் நீண்டு நேரம் போதாமல் போனால் முதலில் குறைக்கப்படுவது எது? நடனம்தான். மேடைக்குப் பின்னால் போய், "ரெண்டு பாட்டு வேணாம்மா, ஒண்ணு போதும்"னு சொல்லிடுவோம். அந்தப் பிள்ளை இரண்டு மூன்று மாதம் பயிற்சி செய்திருக்கும். உரையாளரிடம் இப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது.

இதைக் குறை சொல்ல எழுதவில்லை. இதற்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது, அதைக் கவனிக்கத்தான் சொல்கிறேன். கலை என்பது முக்கியமான வேலைகளுக்கு நடுவில் வரும் அலங்காரம், இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் சமுதாயம் நடக்கும் என்ற கருத்து அது. கலையைக் கேட்டு ரசிப்பதோடு நிற்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அதையே முறையாகக் கற்க உட்கார்ந்தால் என்ன ஆகிறது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். ஒரு வாத்தியத்தையும் ஓர் அடியாரையும் எடுத்துக்கொள்வோம். வாத்தியம் மிருதங்கம். அடியார் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்.

1. தோலும் கருப்பு வட்டமும்

நான் பொறியியல் மாணவன். வார இறுதியில் பங்சாரிலிருந்து ஒரே ஒரு எல்ஆர்டி நிறுத்தம் தாண்டி, பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கம் கற்கிறேன். என் துறை அதிர்வுகளைப் பற்றிப் பேசும் துறை என்பதால் முதலில் என்னைப் பிடித்தது வலந்தலையில் இருக்கும் அந்தக் கருப்பு வட்டம்தான். கரணை என்றும் சோறு என்றும் அதைச் சொல்வார்கள்.

இழுத்துக் கட்டிய ஒரு சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு சேர்ந்து வேறு ஒலிகளும் எழும். அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாமல் வரும். அதனால்தான் பல பறைகளில் "டம்" என்ற சத்தம் கேட்கும், ஸ்ருதி என்று சொல்லக்கூடிய ஒன்று கேட்காது. கம்பியில் அப்படி இல்லை. 1, 2, 3, 4 என்று முழு எண்களில் வரும். மிருதங்கத்தில் நடுவில் ஏற்றப்பட்ட கரணையின் எடை, தோலின் இந்த ஒழுங்கற்ற ஒலிகளைக் கம்பியின் ஒழுங்குக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடுகிறது. 1920-இல் சர் சி. வி. இராமன் இதை 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார். 1934-இல் இந்திய மத்தளங்களைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு வாங்கிய அதே இராமன்தான்.

வகுப்பில் இதைப் பெருமையாகச் சொன்னேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரி தம்பி, அந்தக் கரணையைப் போட்டவர் எந்த யுனிவர்சிட்டியில படிச்சாரு?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இராமன் கண்டுபிடித்தது ஏற்கனவே இருந்த ஒன்றின் காரணத்தை. அதை உருவாக்கியவர்கள் காதாலும் விரலாலும் பல தலைமுறை சோதித்துப் பார்த்த கைவினைஞர்கள். கல்பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கையும் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி ஏற்றுவார்கள். என் துறையில் இதற்குப் பெயர் வடிவமைப்பு. சமுதாயத்தில் அவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது?

2. மேடையில் இல்லாத கைகள்

மிருதங்கத்தின் உடல் பலாக்கட்டை. தோல்களோ மாடு, ஆடு, எருமை மூன்றிலிருந்தும் வருபவை. வலந்தலைக்குப் பசுத்தோல் இல்லாமல் அந்த நாதம் இல்லை. நம்மில் சிலருக்கு இதைப் படிக்கும்போதே சங்கடமாக இருக்கும். இருக்கட்டும், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். மிருதங்கம் செய்பவர்களின் வரலாறு அது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயர் என்ற பெயரை இசை தெரிந்த எல்லாரும் சொல்வார்கள். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? வித்வான் "இன்னும் கொஞ்சம் கனமான நாதம் வேணும்" என்பார். தோலின் தடிப்பையும் இழுப்பையும் மாற்றி அந்த நாதத்தைக் கொண்டுவந்து தருவது செய்பவர். நாதம் இருவருடையது. மேடையில் பெயர் ஒருவருடையது. அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்குச் சென்னை கலாக்ஷேத்ரா முதலில் இடம் தந்து, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. பேசக்கூடத் தயங்கும் ஒரு விஷயம் அந்தக் கரணைக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மிருதங்கத்தைக் கேட்டு ரசிப்பவருக்கு இதெல்லாம் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. கற்பவருக்கு உண்டு. ஏன் என்றால் நம் நாட்டின் ஈரக்காற்றில் தோல் தளரும், ஸ்ருதி இறங்கும். மழை நாளில் ஒரு நிலை, குளிர்சாதன அறையில் வேறு நிலை. தோல் கிழிந்தால் அதை மாற்றத் தெரிந்தவரைத் தேடவேண்டும். வாரை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கை இல்லையென்றால் என் பயிற்சி ஒன்றுக்கும் உதவாது. அப்போது புரிகிறது: கலை ஒரு மனிதனின் திறமை என்பதோடு முடியவில்லை. பல பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும் ஒரு இழுவிசை அது. யாரோ ஒருவரை விலக்கி வைத்தால் எங்கேயோ தளர்ந்துபோகும்.

3. பெரிய புராணம் சொல்லும் பதில்

"பக்தி வேற, தோல் வேற, எல்லாத்தையும் கிளறாதீங்க"னு சில பெரியவர்கள் சொல்லலாம். அவர்களிடம் மரியாதையோடு காட்டவேண்டிய இடம் நம் பன்னிரண்டாம் திருமுறையிலேயே இருக்கிறது.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் 63 நாயன்மார்களில் ஒருவர். திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்தில் பிறந்தவர். சமுதாயம் கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்த குலம் அது. மதுரைக்கு வந்த அவர் திருவாலவாய்க் கோயில் வாயிலில் நின்று யாழ் வாசித்துப் பாடினார். அன்று இரவு இறைவன் தம் தொண்டர்களுக்கு அறிவிக்க, அவர்களே பாணரை இறைவன் திருமுன் அழைத்துச் சென்றார்கள். இந்தப் பாதி பலருக்கும் தெரியும். அடுத்த பாதியைக் கவனியுங்கள்.

பாணர் தரையில் அமர்ந்து பாடுகிறார். அப்போது வானில் ஒரு குரல் எழுகிறது. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புகள் தளர்ந்துவிடும், அழகிய பலகை ஒன்றை இடுங்கள் என்கிறது அந்தக் குரல். தொண்டர்கள் பலகை இடுகிறார்கள். நரம்பின் இழுவிசைக்குச் சேக்கிழார் பயன்படுத்தும் சொல் 'வீக்கு'. பொறியியல் வகுப்பில் இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலில் அதே செய்தி இறைவன் வாக்காக வருவதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இங்கே இறைவன் செய்தது இரண்டு காரியம். வெளியே நின்றவரை உள்ளே வரவைத்தார். உள்ளே வந்தவரின் கருவி கெடாமல் பார்த்துக்கொண்டார். முதலாவதை மட்டும் செய்திருந்தால் அது இரக்கம். இரண்டாவதையும் செய்ததால் அது மரியாதை. கலைஞரைக் கூப்பிட்டு மாலை போடுவது நமக்குப் பழக்கம். அவர் உட்காரும் தரை ஈரமா என்று பார்க்கிறோமா?

கதை அதோடு முடியவில்லை. பாணர் திருஞானசம்பந்தரோடு சேர்ந்து, சம்பந்தர் பாட இவர் யாழில் இசைக்க, ஊர் ஊராகச் சென்றார். திருச்சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்க நாயனார் வீட்டில் தங்கியபோது, பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இடம் தருமாறு சம்பந்தர் கேட்டார். நீலநக்கர் அவர்களுக்கு வேள்விக் குண்டத்தின் அருகிலேயே இடம் கொடுத்தார். தீட்டு என்று அணையவேண்டிய தீ, வலமாகச் சுழித்து இன்னும் ஓங்கி எரிந்தது என்கிறது புராணம். பிற்காலத்தில் தேவாரத்துக்கு மறந்துபோன பண்களை மீட்டுத் தந்ததும் அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் என்று திருமுறை கண்ட புராணம் சொல்லும். நாம் தேவார வகுப்பில் பாடும் பண் அப்படி நமக்கு வந்த சொத்து.

4. நம் ஊரில்

பங்சார் இன்று உயர்ந்த கட்டடங்களின் இடம். ஒரு காலத்தில் இது ரப்பர் தோட்டம். இப்படி எத்தனையோ தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார்கள் முனியாண்டிக்கும் மாரியம்மனுக்கும் தப்பும் உறுமியும் அடித்துத் திருவிழா செய்தார்கள். அந்த உறுமிதான் இன்று இளைஞர் குழுக்கள் கையில் பத்துமலை வரை வருகிறது.

தைப்பூசம் நெருங்கினாலே உறுமி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு கிளம்பிவிடும். சாமி ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள் என்ற குறை நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் தாளம் கற்ற பிறகு உறுமியைக் கேட்டால், வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த முனகலை எழுப்புவது எவ்வளவு கடினம் என்று தெரிகிறது. அந்தத் தம்பிகளுக்கு நடைகளைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? பழைய சாமி வருணிப்புகளைத் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்களிடம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? தடை போட ஒரு சுற்றறிக்கை போதும். கற்றுத்தர ஆள் வேண்டும், இடம் வேண்டும், பல வருடம் வேண்டும்.

நாதஸ்வரத்தையும் தவிலையும் பாருங்கள். நம் கோயில்கள் பல, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை வரவழைக்கின்றன. குடும்பத்தை விட்டு வந்து நமக்கு மங்கல இசை தருபவர்களின் தங்கும் அறையை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? அதுவும் பலகைக் கேள்விதான்.

நல்ல எடுத்துக்காட்டுகளும் இங்கேயே உண்டு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளால் 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், நடனமும் இசையும் கற்றுத்தருவதோடு அன்னலட்சுமி உணவகத்தையும் நடத்தியது. விரும்பியதைச் சாப்பிட்டு, மனம் போல் கொடுக்கலாம் என்பது அதன் முறை. கலையையும் அன்னத்தையும் ஒரே சேவையாகப் பார்த்தார்கள். 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய டத்தோ ரம்லி இப்ராஹிமும் இருக்கிறார். மலாய் முஸ்லிம், இயந்திரப் பொறியியல் பட்டதாரி. பரதமும் ஒடிசியும் முறையாகக் கற்று, நம் பிள்ளைகள் பலருக்கும் கற்றுக்கொடுத்தவர். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ தந்தது. கலை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், கற்க உட்கார்ந்தவருக்கு என்பதற்கு அவரே சாட்சி.

5. சிந்தித்துப் பேச

தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் இவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. உணவும் தொழிலும் இல்லாமல் ஒரு நிலம் இல்லை என்றால் இசையும் இல்லாமல் இல்லை. ஆக, கலை விருந்துக்கு முன் வரும் இடைவேளை கிடையாது. கிளைக் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைப் பேசிப் பாருங்கள்.

அ. உங்கள் வட்டாரக் கோயிலில் வாசிப்பவர், ஆடுபவர், கருவி பழுது பார்ப்பவர் யார் யார்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?

ஆ. இறைவன் பலகை இடச் சொன்னது பாணருக்காகவா, யாழுக்காகவா? இரண்டையும் பிரிக்க முடியுமா?

இ. உறுமிக் குழுவில் இருக்கும் ஒரு தம்பியை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். அறிவுரை சொல்வதற்காக வேண்டாம். அவர் கருவியை எப்படிக் கட்டுகிறார், எந்த நடை எந்தச் சாமிக்கு என்று நமக்குப் பாடம் எடுக்கட்டும். அரை மணி நேரம் கொடுங்கள். நேரம் போதவில்லை என்றால் உரைகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.