முகம் சொல்வதும் மனம் படிப்பதும்

“காலையில் காபி கொடுக்கும்போதே அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. நான் அவருக்குப் பாரமாகிவிட்டேன்” என்கிறார் மனைவி. “தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கோபமே இல்லையே” என்கிறார் கணவர். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் குடும்பங்களில் இத்தகைய பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நோய் செய்யும் மாற்றம்

மகிழ்ச்சி, துயரம், அச்சம், சினம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறு உணர்ச்சிகளைக் காட்டும் முகப்படங்களைக் கொண்டு இத்திறனை ஆராய்கின்றனர். மனச்சோர்வு உள்ளவர்கள் துயர முகத்தைப் பெரும்பாலும் சரியாகவே இனங்காண்கின்றனர். மெல்லிய புன்னகையையோ தவறவிடக்கூடும். உணர்ச்சி ஏதுமற்ற இயல்பான முகத்தையும் துயர முகமாகக் கொள்ளக்கூடும். இந்த வேறுபாடு சராசரியாகச் சிறியதே. எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. எனினும், ஒரு நாளில் நாம் காணும் முகங்கள் எத்தனை! சிறு பிழைகள் சேர்ந்து, “என்னை யாருக்கும் பிடிக்கவில்லை” என்ற முடிவாகின்றன. அம்முடிவு தனிமையில் தள்ளுகிறது. தனிமை நோயை வளர்க்கிறது.

இது குணக்கேடன்று, வீண் சந்தேகமுமன்று. மூளையின் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி உணர்ச்சிகளை எடைபோட உதவுகிறது. மனச்சோர்வில் அது துயர முகங்களைக் கண்டு மிகையாகச் செயற்படுவதும், சிகிச்சைக்குப் பின் தணிவதும் ஸ்கேன் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

மருந்தும் பொறுமையும்

மருந்து தொடங்கிய பின் மனநிலை தெளியச் சில வாரங்கள் ஆகும். முகங்களைப் படிக்கும் விதமோ அதற்கு முன்னரே மாறத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, “இன்னும் ஒன்றும் தெரியவில்லை” என்று மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

குடும்பத்தார் கவனத்திற்கு

• முகக்குறிப்பை நம்பியிராமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “களைப்பாக இருக்கிறேன், உன்மேல் கோபமில்லை.”
• கைப்பேசியைப் பார்த்தபடி பதில் சொல்லாதீர்கள். முகம் பார்த்துப் பேசுங்கள்.
• “எல்லாம் உன் கற்பனை” என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பட்ட வருத்தம் கற்பனையன்று.

நோயாளர் கவனத்திற்கு

• ஒரு முகம் உங்களை வருத்தினால், முடிவு கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “கோபமா, களைப்பா?”
• ஒருவர் முகத்தில் படித்ததை மட்டும் வைத்து வேலையையோ உறவையோ விட்டுவிட முடிவெடுக்காதீர்கள். அடுத்த சந்திப்பில் எங்களிடம் சொல்லுங்கள்.

வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். உடனிருப்போர் அவரைத் தனியே விடவேண்டா. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சிகிச்சை பலனளிக்கையில், “இப்போதெல்லாம் அவர் சிரிக்கிறார்” என்று சிலர் எங்களிடம் சொல்வதுண்டு. கணவரோ, “நான் எப்போதும் போலத்தான் இருக்கிறேன்” என்பார். நலம் திரும்புவதற்கு அதுவும் ஓர் அடையாளமே.