முழங்கால் ஒத்துழைக்கும்போதே மலை ஏறிவிடுங்கள்

இந்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், பென்ஷன்காரர்கள் வரிசையில் சற்று முன்னால் நிற்பவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள். தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆனது. அடுத்த ஆண்டே 60 ஆனது. 58இல் வீட்டுக்கு வந்த எங்களைவிட உங்களுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கூடுதல், சந்தோஷம். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் எங்கிருந்து வந்தன? கை, கால் திடமாக இருக்கும் காலத்திலிருந்துதான். ஆகவே எங்களைவிட உங்களுக்குத்தான் அவசரம் அதிகம்.

1. வரிசையை மாற்றிப் போடுங்கள்.

"முதலில் கடமையெல்லாம் முடியட்டும், அப்புறம் காசி, கயிலாயம்" என்று சொல்லாதவர் இல்லை. இந்திய அரசு நடத்தும் கயிலாய–மானசரோவர் யாத்திரைக்கு வயது வரம்பு 70. அமர்நாத்துக்கும் அதேதான். நம் அறநிலையத் துறை மூத்த குடிமக்களைச் செலவில்லாமல் அழைத்துப் போகும் அறுபடை வீடு பயணம்கூட 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். 71 வயதில் பணம் இருக்கும், நேரம் இருக்கும், அனுமதி இருக்காது.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். கால் பலம் கேட்கும் ஆசைகளை இடப்பக்கம் எழுதுங்கள்: வெள்ளியங்கிரியின் ஏழு மலை, திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், சோளிங்கரில் 1,305 படி. சோளிங்கருக்கு 2024இல் ரோப்கார் வந்துவிட்டது. படியேற முடியாத வயதிலும் நரசிம்மரைப் பார்க்கலாம். வெள்ளியங்கிரிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அதுதான் முதலில். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுகிறார்கள். டாக்டரிடம் இதயத்தைக் காட்டிச் சம்மதம் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

உட்கார்ந்து செய்யும் ஆசைகள் வலப்பக்கம்: படிப்பு, எழுத்து, குடும்ப வரலாறு, பாட்டு கேட்பது. இவை காத்திருக்கும். உ.வே.சாமிநாதையர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல். குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்டது 1937இல், 82 வயதில். 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். நாற்காலி வேலைக்கு வயது வரம்பு இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2. முதல் ஆறு மாதம் எந்தப் பதவியும் ஏற்காதீர்கள்.

சால்வை மடிப்பு கலைவதற்குள் ஆள் வந்துவிடுவார்கள். குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளர், கோயில் திருப்பணிக்குச் செயலாளர். "சார் இப்போ ஃப்ரீதானே?" என்பார்கள். "வருகிற பொங்கலுக்குப் பிறகு சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். பொதுக்காரியம் நல்லதுதான். எது உங்களுக்குப் பிடித்த காரியம் என்று தெரிந்த பிறகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. நடை மட்டும் போதாது.

எங்கள் ஊர்ப் பூங்காவில் காலையில் பார்க்கலாம். நான்கு பேர் அரசியல் பேசிக்கொண்டே மூன்று சுற்று சுற்றுவார்கள். வாசலில் டீ, சூடாக ஒரு வடை. வீட்டுக்குப் போய் "வாக்கிங் முடிந்தது" என்பார்கள். நடந்தது நல்லதுதான், பேசியது அதைவிட நல்லது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வேறு: வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவு நடை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, 65 வயதுக்கு மேல் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சி. நாம் முதலாவதை அரைகுறையாகச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஊன்றாமல், ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைத் தசை தளர ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். பயப்பட வேண்டாம். அதே எழுந்து உட்காருதலைத் தினமும் காலை, மாலை செய்தாலே தசை தேறும். தசை எந்த வயதிலும் பயிற்சிக்குக் கட்டுப்படும்.

4. தட்டைத் திருப்பி வையுங்கள்.

நம் சாப்பாட்டில் சோறு மலை, பருப்பு ஊறுகாய் அளவு. வயதான உடம்புக்குப் புரதம் குறையக்கூடாது. காலையில் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, மீன், தயிர் என்று பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். பல்லைச் சரிசெய்து கொள்ளுங்கள். கடிக்க முடியாதவர்கள்தான் கஞ்சிக்கும் பன்னுக்கும் போய்ச் சேருகிறார்கள்.

5. விழாமல் இருப்பதே பாதி ஆரோக்கியம்.

இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் மேலே சொன்ன தாளின் இடப்பக்கம் முழுவதையும் அடித்துவிட வேண்டியதுதான். குளியலறையில் வழுவழுப்பான டைல்ஸ் இருந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போடுங்கள். சுவரில் பிடிமானக் கம்பி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறிய இரவு விளக்கு. கண் புரையைத் தள்ளிப்போடாதீர்கள். காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்ள வெட்கம் வேண்டாம். காது கேட்காதவர் கூட்டத்தைத் தவிர்ப்பார். கூட்டத்தைத் தவிர்ப்பவர் சீக்கிரம் கிழவராவார்.

6. வந்த பணத்தை ஓராண்டு தூங்க விடுங்கள்.

பணிக்கொடை வந்த செய்தி உங்களுக்கு முன்பே உறவினர்களுக்குத் தெரிந்திருக்கும். மனைப் புரோக்கர், மாதம் மூன்று வட்டி என்பவர், மச்சான் ஆரம்பிக்கப்போகும் கம்பெனி எல்லாம் தேடி வரும். யாருக்கும் முதல் ஆண்டில் பதில் சொல்லாதீர்கள். அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம்; ஐந்தாண்டுக் காலம்; வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அந்த வட்டியில் ஒரு பகுதியைப் பயணத்துக்கு என்று தனியாக எழுதி வையுங்கள். எழுதி வைக்காத பயணப் பணம் ஃபிரிட்ஜாகவும் சோபாவாகவும் மாறிவிடும்.

7. வீட்டை உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகள் தங்கமானவர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. உயில் எழுதுங்கள், இரண்டு சாட்சி கையெழுத்து வாங்குங்கள், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல, கொடுத்தால் கொடுத்ததுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும்.

8. வீட்டு அதிகாரியை மதியுங்கள்.

இது ஆண்களுக்கு. நீங்கள் அலுவலகம் போன இத்தனை வருஷமும் பகல் வீடு உங்கள் மனைவியின் கையில் இருந்தது. முதல் வாரமே சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டாதீர்கள். பத்தரை மணிக்கு இரண்டாவது காபி கேட்காதீர்கள். நீங்களே போட்டு அவருக்கும் ஒன்று கொடுங்கள். அவருக்கு ஓய்வு வயது என்று யாரும் அரசாணை போடவில்லை. வாரம் இரண்டு வேளைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவரும் ஓய்வு பெற்றதாக ஆகும். மேலே சொன்ன தாளில் அவருடைய ஆசைகளையும் கேட்டு எழுதுங்கள். அவர் முழங்கால் உங்களுடையதைவிட முன்னதாகவே தேய்ந்திருக்கலாம்.

9. பேரப்பிள்ளைகளுக்கு நாள் குறித்துக் கொடுங்கள்.

பேரனைத் தூக்கிக் கொஞ்சுவதைவிடப் பெரிய பயணம் இல்லை என்பீர்கள். சரி. ஆனால் காலை பள்ளி வேனிலிருந்து இரவு வீட்டுப்பாடம் வரை உங்கள் பொறுப்பு என்றால், அது சம்பளமில்லாத இன்னொரு வேலை. எந்த மாதங்களில் நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே மகனிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள். நீங்களாகச் சொல்லாதவரை அவர்களுக்குத் தோன்றவும் தோன்றாது.

10. பதவியை அலுவலகத்திலேயே விட்டு வாருங்கள்.

"நான் டெபுடி கலெக்டராக இருந்தபோது" என்று தொடங்கும் கதையைக் கேட்க முதல் மாதம் நால்வர் இருப்பார்கள், ஆறாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்களைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்கள் இருவரையாவது நண்பர்களாக்கிக் கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறையும்போது அவர்கள்தான் கூட வருவார்கள்.

11. ஒரே கோப்பு.

ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை, உயில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று வாழ்க்கைத் துணைக்குத் தெரியட்டும். வாழ்நாள் சான்றிதழை இப்போது கைபேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம்; அதைக் கற்றுக்கொண்டால் பயணத்தை அதற்காக வெட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது. அது திரும்பி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீழ்ப் படுக்கைக்கு முன்னுரிமை இன்னும் இருக்கிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. ஓய்வு பெறும் தேதியோ உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பிரிவு உபசார விழாவுக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.