முன்சீப் கேட்ட கேள்வி

கொட்டச்சேடு,
ஏற்காடு.

அன்புள்ள தம்பிக்கு,

கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டேன்; அந்தப் பதவியில் கௌரவம் எந்த மூலையில் இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

முதல் வாரமே ஒரு பையன் எழுந்து, "பி.ஏ. வரலாறு படிச்சா என்ன வேலை சார் கிடைக்கும்?" என்றானாமே. டி.என்.பி.எஸ்.சி. என்று சொல்லிச் சமாளித்தாயாம். தப்பில்லை. ஆனால் அதற்குப் பயிற்சி மையம் போதுமே, மூன்று வருஷம் கல்லூரி எதற்கு என்று அவன் மடக்கினால்?

அதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியருக்கு வயது 25. உ.வே.சாமிநாதையர்தான். அவ்வூர் முன்சீப்பைப் பார்க்கப் போனார். முன்சீப் நம் சேலத்துக்காரர், இராமசாமி முதலியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்குப் பட்டியல் சின்னதாகவா இருக்கும்? முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்டார். இல்லை.

பிறகு முதலியாரே சிந்தாமணிக்கு ஒரு பிரதியும் தேடிக் கொடுத்தார். நூலோ சமண நூல். சைவ மடத்தில் படித்தவருக்குப் பல இடம் பிடிபடவில்லை. அந்த ஊர்ச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

எல்லோரும் ஐயரைத்தான் கொண்டாடுகிறோம். எனக்கு முதலியார்தான் ஆச்சரியம். வழக்கு விசாரிப்பது அவர் உத்தியோகம். சிந்தாமணியை வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பும் எழுத முடியாது. ஆனாலும் கேட்டாரே! அப்படி ஒரு முன்சீப், ஒரு வி.ஏ.ஓ., ஒரு காப்பி வியாபாரி நம் வகுப்பிலிருந்து வெளியே போனால் கலைக் கல்லூரி தன் வேலையைச் செய்துவிட்டது என்பேன்.

நான் அப்படி நடத்தினேனா என்று கேட்காதே. முதல் பத்து வருஷம் நோட்ஸ் சொல்லியே ஓட்டினேன். அப்புறம் ஒரு கார்த்திகையில், பழம் பறிக்கப் போய் இரண்டு வாரம் வராத மலைப்பெண் ஒருத்தி வந்து நின்றாள். நகமெல்லாம் காப்பிப் பழக் கறை. திட்ட வாயெடுத்தவன், என்னவோ தோன்றி, உங்கள் சனம் இந்த மலைக்கு எப்படி வந்தது என்று கேட்டுவைத்தேன். அண்ணன் தம்பி மூவர் காஞ்சியிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு மலையேறிய கதையை மளமளவென்று சொன்னாள். ஆயா சொன்னதாம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட புத்தகத்தில், மலையாளிகள் எனப்படும் அவள் சனத்தைப் பற்றிய பகுதியைப் பிரித்துக் காட்டினேன். அதே காஞ்சி, அதே சகோதரர்கள்.

பூரித்துப் போவாள் என்று நினைத்தேன். "இவருக்கு யார் சார் சொன்னது?" என்றாள். லெஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்திருக்கிறார் என்றேன். "அவருக்கு?" மலையில் யாராவது பெரியவர் சொல்லியிருப்பார். "அப்ப ஆயாவோட ஆயா சொன்னதத்தான் புஸ்தகம் திருப்பிச் சொல்லுது. ரெண்டுலயும் இருக்குங்கறதால உண்மைன்னு ஆயிடுமா?"

சான்றை எடைபோடுவது பற்றி நான் பத்து வருஷம் சொன்ன நோட்ஸ் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. அதற்கு மார்க் போட வினாத்தாளில் இடமில்லை, அது வேறு கதை.

ஆகவே அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல அவசரப்படாதே. அவன் எந்த ஊர், வீட்டில் என்ன தொழில், ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததாம் என்று முதலில் கேள். தெரியாது என்றால் சனிக்கிழமை வீட்டில் விசாரித்து வரச் சொல். நீயும் உன் ஊரைப் பற்றி விசாரித்து வை, இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வாய்.

பொங்கலுக்கு வரும்போது குப்பனூர் வழி பஸ்ஸில் வா, இங்கேயே இறங்கிவிடலாம். கல்லூரி நூலகத்தில் தர்ஸ்டன் நாலாம் தொகுதி இருந்தால் எடுத்து வா. என்னிடம் இருந்ததை அந்தப் பெண் வாங்கிப் போனாள்; இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்