வைடூரியம் எந்தக் கல்?

வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில், புதிய எருசலேமின் அஸ்திபாரக் கற்கள் பன்னிரண்டும் பெயர் சொல்லப்பட்டுள. அவற்றுள் எட்டாவது, கிரேக்க மூலத்தில் 'பேரில்லோஸ்'. ஆங்கிலேயர் 'பெரில்' என்பர். நம் தமிழ் வேதாகமம் அதனைப் படிகப்பச்சை என்று பெயர்த்து, வைடூரியம் என்னும் பெயரைப் பத்தாவது கல்லுக்கு அளித்தது. இன்றைய மணி வணிகரோ, பூனைக்கண்போல் ஒளிக்கீற்று ஓடும் வேறொரு கல்லையே வைடூரியம் என்பர். அது கிரிசோபெரில் என்னும் கனிப்பொருள். ஆயின், வடமொழியில் வைடூரியமென்றும் பாகதத்தில் வேளுரியமென்றும் வழங்கிய பெயரே கிரேக்கரிடம் சென்று பேரில்லோஸ் ஆயிற்றென மொழிநூலார் கூறுவர். இது மெய்யாயின், அப்பெயருக்குப் பழைய உரிமையுடையது பெரிலே.

பெரிலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவோடு கூடி அமைந்த இது, அறுபட்டைத் தூண்போல் வளர்வது. இதன் வன்மை மோஸ் அளவையில் 7½ முதல் 8 வரை; ஆதலின் 7 வன்மையுள்ள படிகக்கல்லை இது கீறும். தூய பெரிலுக்கு நிறமேயில்லை. சிறிது இரும்பு கலப்பின் கடல்நீரின் நிறம் தோன்றும். குரோமியமேனும் வனேடியமேனும் கலப்பின் மரகதமாம். அரசர் முடியில் விளங்கும் மரகதமும் நிறமற்ற இக்கல்லும் ஓரினமே என்பது எமக்குப் பெருவியப்பளித்தது. பசுமை கலந்த நீலக்கல்லைப் பக்குவமாகச் சூடேற்றின், பசுமை நீங்கி நீலம் நிற்கும்.

அணிகலனுக்கன்றியும் இது பயன்படும். 1798இல் வோக்லென் என்னும் பிரெஞ்சு இரசாயனி இதனை ஆய்ந்தபொழுதே பெரிலியம் இருப்பது புலனாயிற்று. எடை குறைந்த அவ்வுலோகம் எக்ஸ் கதிர்க் குழாய்களின் சாளரமாகிறது; 2021இல் விண்ணிற்கு ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித்துண்டுகளும் அதனாலாயவையே. ஆனால் அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

முதல் நூற்றாண்டினராகிய உரோமர் பிளினி, பெரில் இந்தியாவிலன்றிப் பிறவிடங்களில் அரிதென்றும், இந்தியர் படிகத்திற்கு நிறமூட்டிப் போலி மணிகள் செய்வரென்றும் எழுதினார். பின்னது நமக்குப் பெருமையன்று. எனினும், போலி செய்தற்கேற்ற விலை அம்மணிக்கு இருந்ததென்பது அதனால் விளங்கும். கொங்கு நாட்டில் காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் கிடைத்தது; 1819-20இல் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே அகழ்ந்தெடுத்தனர். நொய்யற்கரையிலுள்ள கொடுமணலின் அகழாய்வில், பெரிற்கற்களும் மணி செய்தற்குரிய பிற கற்களும் பட்டை தீட்டப்பெறாத நிலையிலும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆராய்ச்சியாளர். ஆகவே பழைய நூல்களில் வைடூரியம் வருமிடந்தோறும், பூனைக்கண்ணென்று உரை எழுதுமுன் நாம் ஒருமுறை படியூரை நினைத்தல் தகும்.