பாட்டியின் முள்ளம்பன்றி

நுழையும் முன்

வீட்டில் பயனற்றவை என ஒதுக்கப்படும் பொருள்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றிரண்டைச் சேர்த்துப் பயனுள்ள கருவி ஒன்றை ஆக்குவது அறிவுக்கு விருந்து. அக்கருவி சிரிக்கவும் வைத்தால் இரட்டை விருந்து. குண்டூசிகளைக் காத்த ஒரு முள்ளம்பன்றியின் கதையை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

புதுதில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவ்வீட்டுப் பாட்டி தையற்கலையில் வல்லவர். அக்கம்பக்கத்தார் அனைவரும் இரவிக்கை தைக்க அவரையே நாடுவர். பாட்டியிடம் ஒரே ஒரு குறை இருந்தது. துணியை மடித்துக் குத்தும்போது குண்டூசிகளை இதழ்களுக்கிடையே கவ்விக்கொள்வார். அவ்வேளையில் யார் எதைக் கேட்டாலும் "ம்" என்பதே விடை. "இன்று திரைப்படத்திற்குப் போகலாமா, பாட்டி?" என்று பேத்தி கேட்பாள். "ம்" என்பார். பிறகு, "நான் எப்போது சம்மதித்தேன்?" என்று வியப்பார்.

இதழ்களில் இடம் பெறாத ஊசிகள் தரையில் இடம் பெற்றன. இரவில் நீர் அருந்த எழுந்த தந்தை "ஆ!" என்று அலறினால், வீட்டார் அனைவருக்கும் காரணம் விளங்கிவிடும். இவையெல்லாம் சிரிப்புக்குரியவையாகவே இருந்தன, தம்பிப் பாப்பா தவழத் தொடங்கும் வரை.

ஒருநாள் மாலை, குழந்தை தரையில் மின்னிய ஒன்றை இரு விரல்களால் பற்றி வாயருகே கொண்டு சென்றது. எட்டாம் வகுப்பில் பயிலும் பேத்தி பாய்ந்து சென்று அதனைப் பறித்தாள். அது ஒரு குண்டூசி. பாட்டியின் முகம் வெளிறிற்று. தையல் இயந்திரத்தின் மீது உறையைப் போர்த்தினார். "போதும் கண்ணு. பாப்பா வளரும் வரை இதைத் தொடமாட்டேன்" என்றார். அன்றிரவு அவர் சரியாக உண்ணவும் இல்லை. இயந்திரத்தின் ஒலி இல்லாத அவ்வீடு வேறொரு வீடு போலத் தோன்றிற்று.

பேத்தி சிந்தித்தாள். முதலில் ஓர் உருளைக்கிழங்கில் ஊசிகளைக் குத்தி வைத்தாள். மறுநாள் கிழங்கின் ஈரம் பட்டு ஊசிகள் கறுத்திருந்தன. அதுமட்டுமன்று, குழம்புக்குக் காய் நறுக்கிய தாய் அதனையும் கையில் எடுத்துவிட்டார். "இன்று ஊசிக் குழம்பா?" என்று தந்தை கேட்க, வீடே சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

ஈரம் ஊசிக்குப் பகை என்பதைப் பேத்தி அறிந்துகொண்டாள். பஞ்சை நிரப்பலாமா என எண்ணினாள். பஞ்சும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் என்பதால் அதனைக் கைவிட்டாள். கம்பளியில் இயற்கையான கொழுப்புப் பசை சிறிது உண்டு. அது துருவைத் தடுக்க உதவும். தில்லிக் குளிருக்கு வாங்கிய பழைய கம்பளிச் சட்டை ஒன்று அலமாரியில் கிடந்தது. அதனைப் பிரித்து நூலை இறுகச் சுருட்டிப் பந்தாக்கினாள். அதன்மேல் பழுப்புநிறத் துணியைப் போர்த்தித் தைத்தாள். தேங்காய் உடைத்த கொட்டாங்கச்சியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, அதனுள் பந்தைப் பொருத்தினாள். ஓடு கடினமானதாதலால் ஊசியின் கூர்முனை மறுபுறம் வெளிவந்து விரலைக் குத்தாது.

ஆனால் உருண்டை அடியுடைய கொட்டாங்கச்சி மேசையில் நில்லாமல் உருண்டது. பழுதான வானொலியின் ஒலிபெருக்கியில் இருந்த காந்தத்தைத் தந்தை கழற்றித் தந்தார். அதனை ஓட்டின் உள்ளே அடிப்பகுதியில் ஒட்டியதும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல எவ்வளவு சாய்த்தாலும் அது நிமிர்ந்து நின்றது. எடை அடியில் குவிவதால் அதன் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதே இதற்குக் காரணம். இரண்டு சட்டைப் பொத்தான்கள் கண்களாயின. கறுப்பு நூல் முடிச்சு மூக்காயிற்று. முதுகில் நாற்பது குண்டூசிகளைக் குத்தியதும் முள்ளம்பன்றி பிறந்தது!

"பாட்டி, இதற்கு மிகுந்த பசி. தினமும் நாற்பது ஊசிகள் உண்ணாவிட்டால் உறங்காது" என்றாள் பேத்தி. பாட்டி அதனைத் தட்டிப் பார்த்தார். அது ஆடி ஆடி வணக்கம் கூறிற்று. மூன்று நாள்களுக்குப் பின் அவர் முதன்முறையாகச் சிரித்தார். தையல் இயந்திரத்தின் உறை நீங்கிற்று.

அன்று முதல், ஊசியைக் கவ்வ இதழ்கள் முந்தினால் "பாட்டி, முள்ளம்பன்றி பார்க்கிறது!" என்று குரல் எழும். தையல் முடிந்ததும் பாட்டியே ஊசிகளை எண்ணிக் குத்துவார். ஒன்று குறைந்தால், கொட்டாங்கச்சியைத் தரையை ஒட்டி நகர்த்துவார். காந்தத்தின் ஈர்ப்பு ஓட்டையும் கடந்து எஃகு ஊசியை இழுத்துவிடும்.

ஒருநாள் கணக்கில் முப்பத்தெட்டு ஊசிகளே இருந்தன. காந்தம் அறை முழுவதும் உலவியும் பயனில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அனைவரும் தேடினர். இறுதியில் இரண்டு ஊசிகளும் பாட்டியின் முந்தானையிலேயே கிடைத்தன. அவற்றின் அருகே காந்தத்தைக் கொண்டு சென்றபோதும் அவை அசையவில்லை. அவை பித்தளை ஊசிகள். பித்தளையைக் காந்தம் ஈர்ப்பதில்லை. "தேடினால் கிடைக்காத ஊசி நமக்கு வேண்டாம்" என்று பாட்டி பித்தளை ஊசிகளைத் தனிச் சிமிழில் இட்டு உயரத்தில் வைத்தார். அவற்றுக்கு ஈடாக இரண்டு எஃகு ஊசிகள் முள்ளம்பன்றியின் முதுகில் ஏறின.

"ஊசியை ஒழுங்காக வை" என்று பல ஆண்டுகள் கூறியும் நிகழாத மாற்றத்தை ஒரு பொம்மை நிகழ்த்திற்று. கட்டளைக்குப் பணியாத கை, விளையாட்டுக்கு மகிழ்ந்து பணிந்தது.

அறிந்துகொள்வோம்

குண்டூசி ஒரு காலத்தில் எளிதில் கிடைத்த பொருளன்று. ஆடம் ஸ்மித் என்னும் பொருளியல் அறிஞர் 1776ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டாகக் கூறினார். தனி ஒருவர் முயன்றால் நாளொன்றுக்கு 20 ஊசிகள் செய்வதும் அரிது. பணியைப் பகிர்ந்துகொண்ட பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 ஊசிகள் செய்தனர்.

மேலைநாடுகளில் தக்காளி வடிவ ஊசி மெத்தை புகழ்பெற்றது. அதிலிருந்து தொங்கும் சிறிய ஸ்டிராபெரிப் பழ வடிவப் பையில், குருந்தம் கலந்த எமரித் தூள் இருக்கும். ஊசியை அதில் குத்தி எடுத்தால் துரு நீங்கிக் கூர்மை பெறும். கடினத்தில் வைரத்திற்கு அடுத்த நிலையிலுள்ள குருந்தத்தை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பர். அச்சொல் தமிழின் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து சென்றதாகும்.

சொற்பொருள்

இதழ் – உதடு
கொட்டாங்கச்சி – தேங்காய் ஓடு, சிரட்டை
சிமிழ் – மூடியுள்ள சிறு பெட்டி
முந்தானை – புடவையின் முன்தொங்கல்

இலக்கணம் அறிவோம்

குண்டு + ஊசி = குண்டூசி. நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம், வருமொழி முதலில் உயிர் வந்ததால் கெட்டது. 'ட்' என்னும் மெய்யுடன் 'ஊ' சேர்ந்து 'டூ' ஆயிற்று.

இவ்வாறே சேர்த்து எழுதுக: பட்டு + ஆடை, காது + ஓலை, எட்டு + ஆம்.

பயிற்சி

1. பாட்டி தையல் இயந்திரத்திற்கு உறையிட்டது ஏன்?
2. உருளைக்கிழங்கு ஏற்ற ஊசி மெத்தையாக அமையாததற்குக் காரணம் யாது?
3. முள்ளம்பன்றியில் காந்தம் செய்யும் இரண்டு பணிகளை எழுதுக.
4. பித்தளை ஊசிகளைப் பாட்டி பிரித்து வைத்தது சரியான முடிவா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்னும் பழமொழி இக்கதைக்கு எவ்வாறு பொருந்துகிறது?

செயல்பாடு

உம் வீட்டில் அடிக்கடி காணாமற்போகும் சிறு பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அது மறவாமல் தன் இடத்திற்குத் திரும்புமாறு, சிரிப்பூட்டும் கருவி ஒன்றைக் கழிவுப்பொருள்களால் செய்து, அதன் செய்முறையை வகுப்பில் தமிழில் விளக்குக.